இல்லாததிலிருந்து உள்ளது பிறக்குமா? சீன மெய்யியலின் பழைய வழக்கு (விவாத இழை)

தெற்குவாசல் எழுதியது:

வணக்கம். சீனத் தத்துவம் என்றால் நம் பக்கம் உடனே வருவது இரண்டே பெயர்கள்தான். கன்பூசியஸ் என்றால் ஒழுக்கம், லாவோட்சு என்றால் எளிமை. "அவர்களிடம் மெய்யியலே கிடையாது, எப்படி வாழ்வது, எப்படி ஆள்வது என்று மட்டும்தான் யோசித்தார்கள்" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

லாவோட்சு பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங்கின் 40ஆம் பகுதி நான்கைந்து வரிதான். அதில் உலகத்துப் பொருள்கள் எல்லாம் உள்ளதிலிருந்து பிறக்கின்றன, உள்ளது இல்லாததிலிருந்து பிறக்கிறது என்று வருகிறது. மெய்யியல் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இந்த 'இல்லாதது' என்ன என்பதுதான் என் கேள்வி. ஒன்றுமே இல்லாத பாழா? பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்றா? சீனர்களே இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பனையேடு எழுதியது:

தெற்குவாசல், இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சீனர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் வழக்காடியிருக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் அதைச் சொல்லுங்கள்.

தொடங்க வேண்டிய ஆள் வாங் பீ. கி.பி. 226இல் பிறந்து 249இல் இறந்தவர். இருபத்து மூன்று வயதுக்குள் தாவோ தே ஜிங்குக்கும் மாற்றங்களின் நூலான யீ ஜிங்குக்கும் அவர் எழுதிய உரைகளை இன்றுவரை படிக்கிறார்கள். நம் கையில் பரவலாக இருக்கும் தாவோ தே ஜிங் பாடமே அவர் உரையோடு வந்ததுதான்.

அவருடைய வாதம் இப்படிப் போகும். இளஞ்சூடாக இருக்கும் ஒன்று குளிர்ச்சியாக இருக்க முடியாது. ஒரு சுரமாக ஒலிப்பது அதே நேரத்தில் இன்னொரு சுரமாக ஒலிக்க முடியாது. குணமும் வடிவமும் உள்ள எதுவும் ஒன்றாக இருப்பதாலேயே மற்றொன்றாக இல்லாமல் போகிறது. அப்படியிருக்க, எல்லாப் பொருளுக்கும் ஆதாரமாக நிற்பது எப்படி அவற்றில் ஒன்றாக இருக்க முடியும்? அதற்கு எந்தக் குறிப்பிட்ட குணமும் இருக்கக் கூடாது. அதனால் அதை 'இல்லாதது' என்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதில்: வாங் பீ சொல்வது பாழ் இல்லை. 'இன்னது' என்று சுட்ட முடியாத நிலை.

ஒரு நிகழ்ச்சியும் சொல்கிறேன். பேய் ஹுய் என்ற அதிகாரி இளைஞரான வாங் பீயிடம் கேட்டாராம்: "எல்லாவற்றுக்கும் வேர் இல்லாததுதான் என்றால், மகானான கன்பூசியஸ் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லையே, லாவோட்சு மட்டும் ஓயாமல் பேசுகிறாரே, ஏன்?" அதற்கு வாங் பீ சொன்ன பதில்: கன்பூசியஸ் அந்த நிலையிலேயே இருந்தார், அதைப் பேச்சால் கற்பிக்க முடியாது என்று தெரிந்து உள்ளதைப் பற்றி மட்டும் பேசினார். லாவோட்சு இன்னும் உள்ளதிலேயே நின்றவர், அதனால் தன்னிடம் குறைவாக இருந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

தாவோ நூலுக்கு உரை எழுதியவரே லாவோட்சுவைக் கன்பூசியஸுக்குக் கீழே வைக்கிறார்! இரண்டு பள்ளிகளையும் எதிரெதிராக நிறுத்திப் பார்க்கும் நம் வழக்கத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

மூங்கில்நிழல் எழுதியது:

பனையேடு ஐயா, வாங் பீயோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். அடுத்த அறுபது ஆண்டுக்குள் அவருக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு வந்துவிட்டது.

முதலில் பேய் வெய் (267–300). 'உள்ளதைப் போற்றுதல்' என்று ஒரு கட்டுரை எழுதினார். முழுக்க முழுக்க இல்லாதது எதையும் பிறப்பிக்க வழியில்லை, பிறந்த எதுவும் தானாகத்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மேற்கு ஜின் அரசவையில் மேட்டுக்குடியினர் 'இல்லாதது' பற்றி இனிமையாகப் பேசிக்கொண்டு அலுவலைக் கவனிக்காமல் விட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. வேர் இல்லாததுதான் என்றால் சடங்கு எதற்கு, பொறுப்பு எதற்கு என்ற மனநிலை நாட்டைக் கெடுக்கிறது என்று எழுதினார். அரண்மனைக் கவிழ்ப்பில் 300இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். 311இல் தலைநகர் லுவோயாங்கே வீழ்ந்தது.

அப்புறம் குவோ ஷியாங். 312இல் இறந்தார். தாவோ வழியின் இன்னொரு மூலநூலான ஜுவாங்ட்சு இன்று 33 இயல்களாக இருப்பது அவர் தொகுத்த வடிவத்தில்தான். எனக்கு இந்த இழையில் வரப்போகும் எல்லாரிலும் துணிச்சல்காரர் இவர்தான். 'இல்லாதது' இல்லாததுதானே, அது எப்படி உள்ளதைப் பெறும் என்று கேட்கிறார். சரி, உள்ளதுதான் உள்ளதைப் பெறுகிறதா? அதுவும் இல்லை, அந்த முதல் உள்ளது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிற்கும். ஆகவே பெறுபவர் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் தானே தானாகிறது.

ஜுவாங்ட்சுவில் ஒரு சிறு உரையாடல் உண்டு. நிழலைச் சுற்றியிருக்கும் மங்கல் விளிம்பு நிழலைப் பார்த்துக் கேட்கிறது: "சற்றுமுன் நடந்தாய், இப்போது நிற்கிறாய். உட்கார்ந்திருந்தாய், இப்போது எழுந்துவிட்டாய். உனக்கென்று ஒரு நிலை இல்லையா?" நிழல் சொல்கிறது: "நான் எதையோ சார்ந்து இப்படி இருக்கிறேனா? நான் சார்ந்திருப்பதும் வேறொன்றைச் சார்ந்திருக்கிறதா?" நிழல் உடலைச் சார்ந்தது, உடல் படைத்தவனைச் சார்ந்தது என்றுதான் நாம் படிப்போம். குவோ ஷியாங் அங்கே நிறுத்தி, படைத்தவன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறார். இல்லையென்றால் எப்படிப் படைப்பான்? இருக்கிறான் என்றால் அவனும் ஒரு பொருள், அவனால் எத்தனை வடிவங்களைச் செய்ய முடியும்? மங்கல் விளிம்புகூடத் தானாகவே தோன்றுகிறது என்று முடிக்கிறார்.

ஆற்றங்கரை எழுதியது:

அண்ணா, அப்படியென்றால் காரண காரியமே கிடையாதா? எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாமா? ஏற்கவே முடியவில்லை.

மூங்கில்நிழல் எழுதியது:

அந்த இடத்தைக் குவோ ஷியாங் யோசிக்காமல் விடவில்லை, தம்பி. உதடும் பல்லும் ஒன்றுக்காக ஒன்று உண்டாகவில்லை, ஆனால் உதடு போனால் பல்லுக்குக் குளிரும் என்கிறார். பொருள்கள் ஒன்றையொன்று உண்டாக்குவதில்லை. ஆனால் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்று குறைந்தால் மற்றதும் குலையும். ஒரு மனிதனின் உடல் ஆறடிகூட இல்லை, ஆனாலும் அவன் இருப்பதற்கு வானமும் பூமியும் மொத்தமாக வேண்டியிருக்கிறது என்று வேறோரிடத்தில் எழுதுகிறார். அவர் மறுப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் உட்கார்ந்து இயக்கும் ஒன்றை மட்டும்தான். பொருள்களுக்கு நடுவே உள்ள உறவை அவர் தொடவே இல்லை.

பனையேடு எழுதியது:

மூங்கில்நிழல் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தெற்குவாசல் மேற்கோள் காட்டிய வரியே ஒரு கேள்விக்குறியில்தான் நிற்கிறது.

1993இல் ஹூபெய் மாநிலத்தில் ஜிங்மென் நகருக்கு அருகே குவோதியன் என்ற ஊரில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். காலம் ஏறக்குறைய கி.மு. 300. உள்ளே எழுத்துள்ள மூங்கில் கீற்றுகள் எழுநூற்றுக்கு மேல். அவற்றில் மூன்று கட்டு, தாவோ தே ஜிங்கின் பகுதிகள். இன்றுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான்.

40ஆம் பகுதியின் வரி அதில் இருக்கிறது, ஆனால் ஓர் எழுத்து குறைவாக. பொருள்கள் உள்ளதிலிருந்து பிறக்கின்றன, இல்லாததிலிருந்து பிறக்கின்றன. அவ்வளவுதான். நடுவில் இரண்டாவது 'உள்ளது' இல்லை. அந்தக் காலத்தில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் திரும்ப எழுத மாட்டார்கள், சிறு குறி ஒன்று போடுவார்கள். படியெடுத்தவர் அந்தக் குறியை விட்டுவிட்டார் என்பது ஒரு தரப்பு. மூலமே அப்படித்தான், உள்ளதும் இல்லாததும் சமமாக நின்றன என்பது இன்னொரு தரப்பு. 1973இல் சாங்ஷா நகரின் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடியில் அந்த இரண்டாவது எழுத்து இருக்கிறது. அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது.

எழுத்துப்பிழைதான் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாவோ தே ஜிங்கின் 2ஆம் பகுதியிலேயே உள்ளதும் இல்லாததும் ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன என்று வருகிறதே!

அதே குவோதியன் கீற்றுகளில் ஒரு குறுநூலும் கிடைத்தது. வேறெங்கும் கிடைக்காதது. 'தாய்யீ' என்ற பேரொன்று நீரைப் பிறப்பிக்கிறது. நீர் திரும்பி வந்து பேரொன்றுக்குத் துணை செய்கிறது, அதனால் வானம் உண்டாகிறது. வானமும் திரும்பி வந்து துணை செய்கிறது, அதனால் பூமி உண்டாகிறது. பிறகு வானும் பூமியும் ஒன்றுக்கொன்று துணை செய்ய, படிப்படியாக யின்னும் யாங்கும், நான்கு பருவங்களும், குளிரும் வெப்பமும், ஈரமும் வறட்சியும் தோன்றி, கடைசியில் ஓர் ஆண்டு நிறைகிறது. பிறந்தது, தன்னைப் பெற்றதற்கு உதவி செய்து அடுத்ததைப் பிறப்பிக்கிறது. படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் முதல்வன் இந்தக் கதையில் இல்லை. படித்ததிலிருந்து அந்த 'திரும்பி வந்து துணை செய்வது' என் நினைவைவிட்டுப் போகவே இல்லை.

தெற்குவாசல் எழுதியது:

பனையேடு ஐயா, மிக்க நன்றி. கேட்டதற்கு மேலே கிடைக்கிறது.

ஆனால் இதுவரை பேசியதெல்லாம் 4ஆம் நூற்றாண்டோடு நிற்கிறது. பிறகு பௌத்தம் முழு வேகத்தில் போய்விட்டதே. சூனியம் பற்றி அவர்கள் கொண்டுபோன வாதங்களுக்கு முன்னால் இந்தப் பழைய வழக்கு என்னவானது?

கல்தூண் எழுதியது:

பௌத்தப் பேச்சு வந்ததால் ஒரு கிளைக் கேள்வி. எங்கள் ஊர் காஞ்சிபுரம். இங்கே யாரிடம் கேட்டாலும் போதிதருமர் கதையைத்தான் சொல்வார்கள். மெய்யியல் வழியில் சீனத்துக்கும் காஞ்சிக்கும் உறுதியான தொடர்பு ஏதாவது உண்டா?

பனையேடு எழுதியது:

உண்டு, கல்தூண். ஆனால் அந்தப் பெயரை நம்மில் பலரும் கேட்டிருக்க மாட்டார்கள்: தருமபாலர். 6ஆம் நூற்றாண்டு, நாளந்தாவின் பெரிய ஆசிரியர். காஞ்சிபுரம்தான் அவர் பிறந்த ஊர் என்றும், ஓர் அமைச்சரின் மூத்த மகன் என்றும், அரசகுமாரியைத் திருமணம் செய்யவிருந்த இரவில் வீட்டைவிட்டுப் போய்த் துறவியானார் என்றும் யுவான் சுவாங் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். தருமபாலரின் மாணவர் சீலபத்திரர், சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங்.

யுவான் சுவாங் 645இல் சாங்கானுக்குத் திரும்பினார். பௌத்த அறிஞர் வசுபந்துவின் முப்பது பாடல்களுக்கு இந்தியாவில் இருந்த பல உரைகளைத் தொகுத்து 659இல் சீனத்தில் ஒரே நூலாக்கியபோது, கருத்து மோதும் இடங்களில் தருமபாலரின் பக்கமே நின்றார். விஞ்ஞானவாதம் (நாம் காணும் உலகம் உணர்வின் தோற்றமே என்னும் பௌத்தப் பள்ளி) என்று சீனத்தில் படிக்கப்பட்டது பெரும்பாலும் காஞ்சிக்காரரின் வாசிப்புதான். நம் ஊர் மேடைகளில் இது ஒருமுறைகூட ஒலிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கதை அதோடு முடியவில்லை. ஷியோங் ஷிலி (1885–1968) என்பவர் நான்ஜிங்கில் ஓயாங் ஜிங்வூவிடம் இந்த விஞ்ஞானவாதத்தைப் பாடம் கேட்டவர். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் அதையே நடத்தப் போனவர், நடத்த நடத்த முரண்பட்டு, 1932இல் தனியாக ஒரு நூலை வெளியிட்டார். அதன் முக்கியத் தாக்குதலே தருமபாலர் மேல்தான். கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்குப் பின்னால் 'வித்துகள்' என்று ஓர் உலகம், அதற்கும் மேலே மாறாத மெய்ம்மை என்று இன்னொன்று, இப்படி ஆதாரத்தை இரண்டாக்கிவிட்டீர்களே என்பது குற்றச்சாட்டு. கடலும் அலையும் வேறு வேறா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஓயாங்கின் மாணவர்கள் கொதித்துப் போய் அதே ஆண்டில் மறுப்பு நூல் போட்டார்கள். மறுப்புக்கு மறுப்பை 1933இல் ஷியோங் எழுதினார்.

ஏறக்குறைய 1,400 ஆண்டு கழித்துச் சீனாவில் ஒருவர் காஞ்சிக்காரரோடு உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார். ஒரு தத்துவவாதிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

கல்தூண் எழுதியது:

ஐயா, உடம்பு சிலிர்க்கிறது. தருமபாலரை இனி விடமாட்டேன்.

மூங்கில்நிழல் எழுதியது:

தெற்குவாசல் கேட்டதற்கு வருகிறேன். கன்பூசியர்கள் பக்கமிருந்து பௌத்தத்துக்குச் சரியான பதிலடி வர 11ஆம் நூற்றாண்டு ஆனது. ஆள் பெயர் ஜாங் ட்சாய் (1020–1077), ஷான்ஷி மாநிலத்து ஹெங்ச்சூ என்ற ஊர்.

'சி' என்ற சொல்லைப் பலரும் மூச்சுப் பயிற்சி வகுப்பில்தான் கேட்டிருப்பார்கள். மெய்யியலில் அது உலகம் முழுவதற்குமான ஒரே பொருள். அடர்ந்தால் கல்லாகும், மரமாகும், உடலாகும். கலைந்தால் கண்ணுக்கு மறையும். ஜாங் ட்சாய் சொல்கிறார்: வெட்டவெளி என்று நாம் நினைப்பதே கலைந்து கிடக்கும் சிதான். பனிக்கட்டி நீரில் உறைவதும் கரைவதும் போலத்தான் பொருள்கள் வெளியில் தோன்றுவதும் மறைவதும். இதைப் புரிந்துகொண்டால் 'இல்லாதது' என்று ஒன்று கிடையவே கிடையாது. தெரிவதும் தெரியாததும்தான் உண்டு.

லாவோட்சுவுக்கு அவர் சொல்லும் மறுப்பு கூர்மையானது. வெளி சியைப் பிறப்பிக்கிறது என்றால், வெளிக்கு எல்லை இல்லை, பிறந்த சிக்கு எல்லை உண்டு. எல்லையற்றதும் எல்லையுள்ளதும் இரண்டு துண்டாகிப் போகும், வேருக்கும் கிளைக்கும் நடுவே பாலமே இருக்காது. பௌத்தர்களுக்கும் அதே அடி. வெளி வேறு, தோற்றம் வேறு என்றால் மலையும் ஆறும் வெறும் மயக்கம் என்று சொல்ல வேண்டிவரும்.

இந்த இடத்திலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற 'மேற்குக் கல்வெட்டு' பிறக்கிறது. படிப்பறையின் மேற்குச் சுவரில் எழுதி வைத்திருந்தது. வானம் தந்தை, பூமி தாய், மக்கள் எல்லாரும் என் உடன்பிறப்புகள், பொருள்கள் என் தோழர்கள். ஊனமுற்றவரும் நோயாளியும் ஆதரவற்றவரும் துணை இழந்தவரும் நிலைகுலைந்து நிற்கும் என் சகோதரர்கள் என்று தொடர்கிறது. ஒரே சியால் ஆனவர்கள் என்றால் உடன்பிறப்பு என்பது அவருக்கு உள்ளபடியே உண்மை.

ஆற்றங்கரை எழுதியது:

உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்று சைவ சித்தாந்த வகுப்பில் கேட்டது மாதிரியே இருக்கிறதே. சற்காரியவாதம்தானே இது?

மூங்கில்நிழல் எழுதியது:

பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், தம்பி, ஆனால் ஒன்றாக்கிவிட முடியாது. சித்தாந்தத்தில் மாயை ஜடம், அதை இயக்க இறைவன் வேண்டும். ஜாங் ட்சாயின் சிக்கு இயக்குபவர் தேவையில்லை. மேலெழுவதும் கீழிறங்குவதும் அதன் இயல்பிலேயே இருக்கிறது. உயிரும் அதேதான், அதிலிருந்து வேறாக ஆன்மா என்று ஒன்று இல்லை.

ஜாங் ட்சாய்க்குச் சொந்தக் கன்பூசிய முகாமிலேயே எதிர்ப்பு வந்தது. கலைந்த சி மறுபடி திரும்பி வந்து அடரும் என்றால் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு பெரிய மறுபிறவிச் சக்கரத்தில் போட்டதாகாதா என்று ஜூ ஷீ கேட்டார். பௌத்தரின் மறுபிறவியை மறுக்கப் போய் நீங்களே அதை இன்னும் பெரிதாக்கிவிட்டீர்களே என்று. ஜாங் ட்சாயின் உறவினரான செங் யீ, கலைந்தது கலைந்ததுதான், வானம் ஓயாமல் புதிதாகப் பிறப்பித்துக்கொண்டிருக்கிறது என்றார். நான் இதில் செங் யீ பக்கம்.

பனையேடு எழுதியது:

ஜூ ஷீ பெயர் வந்துவிட்டதால் அவரைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1130–1200. சீன மெய்யியலில் இவரைச் சுற்றிப்போக வழியில்லை.

சி மட்டும் போதாது, அது ஏன் இப்படி அமைகிறது, வேறுமாதிரி ஏன் அமையவில்லை என்பதற்கு ஒன்று வேண்டும் என்றார். அதுதான் 'லீ', பொருளின் உள்ளொழுங்கு. படகு நீரில்தான் போகும், வண்டி நிலத்தில்தான் போகும், அது அவற்றின் லீ. மாணவர்கள் குறித்துவைத்த உரையாடல்களில் எனக்குப் பிடித்த ஒரு காட்சி உண்டு. தெருவில் நடந்துகொண்டே படிக்கட்டுச் செங்கல்லைக் காட்டி, "இந்தச் செங்கல்லுக்கும் செங்கல்லின் லீ இருக்கிறது" என்கிறார். பிறகு உட்கார்ந்ததும், "மூங்கில் நாற்காலிக்கு மூங்கில் நாற்காலியின் லீ இருக்கிறது" என்கிறார். காய்ந்த கட்டைக்குக்கூட லீ உண்டா என்ற கேள்விக்குப் பதில் அது. இன்னோரிடத்தில், உயர்ந்த மலைப்பாறையில் சிப்பி ஓடுகளைப் பார்த்ததைச் சொல்லி, அந்தப் பாறை ஒருகாலத்தில் மண், அந்தச் சிப்பி நீரில் வாழ்ந்தது, தாழ்ந்தது உயர்ந்திருக்கிறது என்று விளக்குகிறார். பொருளைக் கண்கொண்டு பார்த்தவர்.

லீ முதலா, சி முதலா என்று மாணவர்கள் துளைத்தெடுத்திருக்கிறார்கள். முன்பின் என்று சொல்ல இடமே இல்லை, ஆனால் கட்டாயம் மூலத்தைத் தேடியே ஆக வேண்டும் என்றால் லீ முதலில் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் பதில். இந்த 'ஆனால்'தான் பிற்பாடு எல்லாத் தகராறுக்கும் வாசல் திறந்தது.

எல்லாவற்றுக்கும் மூலமானதை 'எல்லையற்றது, ஆயினும் பேரெல்லை' என்று முந்தைய கன்பூசியரான ஜோ துன்யீ எழுதிய வரியைப் பற்றி, தன் காலத்துக் கன்பூசியரான லூ ஜியூயுவானோடு அவர் நடத்திய கடிதச் சண்டையையும் பாருங்கள். 'எல்லையற்றது' லாவோட்சு சரக்கு, அதை வெட்டி எறியுங்கள் என்றார் லூ. ஜூ ஷீ மறுத்தார். அதைச் சொல்லாவிட்டால் பேரெல்லையும் பொருள்களில் ஒரு பொருளாகிவிடும். 'பேரெல்லை' என்பதைச் சொல்லாவிட்டால் அது வெறும் பாழாகி வேராக நிற்க முடியாது. 900 ஆண்டுக்கு முந்தைய வாங் பீயின் கேள்வி மறுபடி வந்து நிற்பது தெரிகிறதா?

மல்லிகைத்தெரு எழுதியது:

இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். செங்கல்லின் லீ, நாற்காலியின் லீ என்று கேட்க அழகாக இருக்கிறது. அடுத்து மனைவியின் லீ, விதவையின் லீ, பணியாளின் லீ என்று வராமல் இருக்குமா? வந்தது. நாதியற்ற ஏழை விதவை மறுமணம் செய்யலாமா என்று கேட்டவருக்குச் செங் யீ சொன்ன பதில், பட்டினியால் சாவது சிறிய விஷயம், கற்பை இழப்பது பெரிய விஷயம் என்பது. ஜூ ஷீ தொகுத்த நூலில் அந்த வரி இடம்பெற்றது. 1313இல் யுவான் அரசு ஜூ ஷீயின் உரைகளை அரசுப் பணித் தேர்வுக்குப் பாடமாக்கியது, 1905இல் தேர்வையே ஒழிக்கும்வரை அவைதான் பாடம். வரி எத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருக்கும்!

ஜூ ஷீயின் பூர்விகம் ஹுய்ஜோ வட்டாரம். அங்கே ஷே மாவட்டத்தில் தாங்யுவே கிராமத்தில் வரிசையாக ஏழு கல் வளைவுகள் நிற்கின்றன. அவற்றில் சில, மறுமணம் செய்யாமல் வாழ்ந்து முடித்த விதவைகளுக்கு எழுப்பியவை. சுற்றுலாப் படத்தில் அழகாகத்தான் தெரியும்.

அதே ஹுய்ஜோவில் பிறந்தவர்தான் தாய் ஜென் (1724–1777). சின்ன வயதில் பாடம் நடத்தும்போது ஆசிரியரைக் கேட்டாராம்: "இது கன்பூசியஸ் சொன்னது, அதை அவர் மாணவர் ஜெங்ட்சு எடுத்துச் சொன்னார் என்று எப்படித் தெரியும்?" "ஜூ ஷீ சொல்லியிருக்கிறார்." "ஜூ ஷீ எந்தக் காலம்?" "தெற்கு சோங்." "கன்பூசியஸ்?" "கிழக்கு ஜோ." "நடுவில் எத்தனை ஆண்டு?" "ஏறக்குறைய இரண்டாயிரம்." "அப்படியானால் ஜூ ஷீக்கு எப்படித் தெரிந்தது?" ஆசிரியரிடம் பதில் இல்லை.

வளர்ந்த பிறகு, கன்பூசிய மூலநூல்களில் ஒன்றான மெங்ட்சுவின் சொற்களுக்கு விளக்கமாக அவர் எழுதிய நூலில் ஒரு பத்தி இருக்கிறது. உயர்ந்தவர் தாழ்ந்தவரை லீயைச் சொல்லிக் கண்டிக்கிறார், மூத்தவர் இளையவரை லீயைச் சொல்லிக் கண்டிக்கிறார். அவர்கள் பேசுவது தவறாக இருந்தாலும் முறை என்கிறார்கள். தாழ்ந்தவரும் இளையவரும் லீயைச் சொல்லி வாதாடினால், சரியாகவே இருந்தாலும் அடங்காமை என்கிறார்கள். சட்டத்தால் ஒருவன் செத்தால் இரக்கப்பட ஆள் உண்டு, லீயால் செத்தால் யார் இரக்கப்படுவார்?

மெய்யியலை நான் படிப்பதே இந்தப் பத்திக்காகத்தான். லீயைச் சிக்கு மேலே தனியாகத் தூக்கி வைத்தால், அதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர் கையில் அது கத்தியாகிவிடுகிறது. ஜூ ஷீ சொன்ன அந்த 'ஆனால்' ஒரு சின்ன நெளிவு இல்லை, பனையேடு ஐயா.

பனையேடு எழுதியது:

அம்மா, தாய் ஜென்னின் அந்தப் பத்திக்கு முன்னால் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் லீ மேலே இருந்தது ஆளுபவரையும் தைத்தது, அதைப் பேசாமல் விட்டால் நியாயம் ஆகாது.

ஜூ ஷீ பேரரசரைப் பார்க்கப் போகும்போது வழியில் ஒருவர், "மனத்தைச் செம்மையாக்கு, எண்ணத்தை உண்மையாக்கு என்ற பேச்சு பேரரசருக்குச் சலித்துப்போயிற்று, அதை எடுக்காதீர்கள்" என்று எச்சரித்தார். "வாழ்நாளெல்லாம் நான் கற்றது அது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் மறைத்து மன்னரை ஏமாற்றுவதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிற்பாடு அவருடைய போதனையைப் 'பொய்க் கல்வி' என்று அரசே தடை செய்தது. 1200இல் அவர் இறந்தபோது அந்தத் தடை நீங்கியிருக்கவில்லை. அரசப் பாடமானது அவர் செத்து நூறாண்டுக்குப் பிறகு.

மிங் காலத்து லூ குன் (1536–1618) எழுதியது இன்னும் வெளிப்படை. உலகில் மிக உயர்ந்தவை இரண்டு, லீயும் அதிகாரமும். இரண்டிலும் லீயே உயர்ந்தது. அரசவையில் ஒருவர் லீயைப் பேசினால் பேரரசரும் அதிகாரத்தால் அதைப் பறிக்க முடியாது. அதிகாரத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது என்று சொல்ல எளியவனுக்கு வேறு ஆயுதம் என்ன இருந்தது? எல்லாம் சிதான், நடப்பதுதான் ஒழுங்கு என்றால், நடப்பதை எதை வைத்துத் தவறு என்பீர்கள்?

மல்லிகைத்தெரு எழுதியது:

ஐயா, கேள்வி நியாயமானது. ஆனால் அரசவைக்குள் நுழைந்து லீயைப் பேச யாருக்கு இடம் இருந்தது? தேர்வு எழுதித் தேறிய ஆணுக்கு. அவர் பேரரசரிடம் எடுத்த அதே ஆயுதத்தை வீட்டில் மருமகளிடமும் எடுத்தார்.

மூங்கில்நிழல் எழுதியது:

இருவருக்கும் நடுவே வாங் ஃபூஜியை (1619–1692) வைக்கலாம் என்று தோன்றுகிறது. மிங் அரசு வீழ்ந்தபின் ஹூனான் மலைப்பக்கம் ஒதுங்கி, வாழ்நாள் முழுக்க எழுதியவர். ஜாங் ட்சாயைத் தன் குருவாகக் கொண்டவர். கருவி இல்லாமல் அதன் வழி இல்லை என்றார். வில்லும் அம்பும் இல்லாத காலத்தில் வில்வித்தையின் வழி என்று ஒன்று எங்கோ காத்திருக்கவில்லை. மகன் பிறக்காதவனிடம் தந்தையின் வழி இல்லை. இன்று இல்லாத வழிகள் நாளை வரக்கூடும்.

லீ உண்டு, ஆனால் முன்கூட்டியே செய்துவைத்ததாக இல்லை. வாழ்க்கை மாறினால் அதுவும் மாறும். பழைய வரியைக் காட்டி யாரும் இன்றைய மனிதரை அடக்க முடியாது, அதே நேரத்தில் நடப்பதெல்லாம் சரி என்றும் ஆகாது.

தெற்குவாசல் எழுதியது:

மல்லிகைத்தெரு அக்காவிடம் ஒன்று கேட்கலாமா? தாய் ஜென் லீயை அடியோடு தூக்கி எறிந்துவிட்டாரா? அப்படி எறிந்துவிட்டால் பனையேடு ஐயாவின் கேள்வி அவரையும் பிடிக்குமே. எதை வைத்துத் தவறு என்பார்?

மல்லிகைத்தெரு எழுதியது:

எறியவில்லை, தம்பி. இடத்தை மாற்றினார். லீ என்பது பொருளுக்கு மேலே இல்லை, பொருளுக்குள் ஓடும் நுண்ணிய இழை. இறைச்சியிலும் தோலிலும் ஓடுகிறதே, அதுமாதிரி. மனிதர் விஷயத்தில் பொருள் என்பது என்ன? பசி, குளிர், காதல், சாவுக்குப் பயம். இந்த ஆசைகளை அழித்தால் லீ கிடைக்கும் என்றார்கள் செங் யீ, ஜூ ஷீ போன்ற சோங் அரசு காலத்தவர். ஆசைகள் தடம் புரளாமல் நிறைவேறுவதே லீ என்றார் இவர்.

சோதனையும் வைத்தார். நான் ஒருவருக்கு ஒன்றைச் செய்யுமுன் நின்று யோசிக்க வேண்டும்: இதையே அவர் எனக்குச் செய்தால் நான் ஏற்பேனா? ஒரு மனிதருக்கு மட்டும் சரியென்று படுவதை லீ என்று சொல்லக் கூடாது, அதற்கு அவர் வைத்த பெயர் 'சொந்தக் கருத்து'. எல்லாரும், எல்லாக் காலத்தவரும் மாற்ற முடியாதது என்று ஒப்புவது மட்டும்தான் லீ. செங் யீயின் பட்டினி வரியை எடுத்துக்கொண்டு எந்த விதவையிடமாவது போய்க் கேட்டிருந்தால் ஒப்பியிருப்பாளா? கேட்கவே இல்லை. அதனால் அது லீ ஆகாது, செங் யீயின் சொந்தக் கருத்து. பனையேடு ஐயா கேட்டதற்கு என் பதில் இதுதான்: தவறு என்று சொல்ல மேலே ஒன்று தேவையில்லை, யாருக்கு வலிக்கிறதோ அவரைக் கணக்கில் சேர்த்தாலே போதும்.

பனையேடு எழுதியது:

போதுமா என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை, அம்மா. எல்லாக் காலத்தவரும் ஒப்புவது என்றால், இன்னும் பிறக்காதவரை எப்படிக் கேட்பது? ஆனால் தாய் ஜென்னின் அந்த நூலை அடுத்த வாரம் முதல் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிப் பார்ப்போம் என்றால் நான் தயார். முதல் 15 பத்திகளும் லீ பற்றியவைதான். நீங்கள் தொடங்குங்கள், எதிர்த்தரப்பை நான் பிடித்துக்கொள்கிறேன்.

மல்லிகைத்தெரு எழுதியது:

சரி ஐயா. புது இழை திறக்கிறேன். ஆற்றங்கரை, கல்தூண், நீங்களும் வாருங்கள்.